சிறுத்தையும் சேவலும்: அமெரிக்க அரசியலில் கறுப்பினத் தேசியம்

2008 பிப்ரவரி 26 அன்று கிளீவ்லாண்ட் நகரில் பராக் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் தொலைக்காட்சி விவாதத்தில் அமர்ந்திருந்தார்கள். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. நெறியாளர் ஒபாமாவிடம் லூயிஸ் ஃபராக்கான் பற்றிக் கேட்டார். கறுப்பினத் தேசிய அமைப்பான நேஷன் ஆஃப் இஸ்லாமின் தலைவர் ஃபராக்கான் சில நாள்களுக்கு முன் ஒபாமாவைப் புகழ்ந்து பேசியிருந்தார். அந்த ஆதரவைத் தான் கேட்கவில்லை என்றும், ஃபராக்கானின் யூத வெறுப்புப் பேச்சுகளை ஏற்கெனவே கண்டித்திருப்பதாகவும் ஒபாமா சொன்னார். அது போதவில்லை. கண்டிப்பது வேறு, நிராகரிப்பது வேறு என்று ஹிலாரி குறுக்கிட்டார். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை, ஆனாலும் இரண்டையும் செய்கிறேன் என்று ஒபாமா ஒப்புக்கொண்ட பிறகே பேச்சு அடுத்த கேள்விக்கு நகர்ந்தது.

ஒரு கறுப்பின வேட்பாளர் நாட்டின் உச்சப் பதவிக்கு வர வேண்டுமானால், தான் அழைக்காத ஒருவரை இரண்டு வினைச்சொற்களால் விலக்கிக் காட்ட வேண்டியிருந்தது. ஃபராக்கானின் யூத வெறுப்பு உண்மையானது. அதற்குச் சமாதானம் சொல்ல எவராலும் முடியாது. என் கவனம் வேறோரிடத்தில் நிற்கிறது. கறுப்பினத் தேசியம் என்ற அரசியல் போக்குக்கு அமெரிக்காவில் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அது கேட்ட கேள்விகளும் கட்டிய அமைப்புகளும் ஏராளம். ஆனால் தேசிய அரங்கில் அது பேசுபொருளாகும்போதெல்லாம் விசாரணைக்கு வருவது ஏதோ ஒரு தலைவரின் ஏதோ ஒரு பேச்சுதான். இந்தப் பழக்கம் பலருக்கும் வசதியாக இருந்திருக்கிறது. கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் கடமை ஆளும் தரப்புக்கு இல்லாமல் போகிறது. மிதவாதக் கறுப்பினத் தலைவர்கள் தங்கள் நிதானத்தை நிரூபிக்க ஓர் எதிர்முனை கிடைக்கிறது. தேசியவாதத் தலைவர்களில் சிலருக்கும் அமைப்பைக் கட்டும் கடும் உழைப்பைவிட, பரபரப்பான பேச்சால் வரும் புகழ் எளிதாக இருந்தது. நட்டமடைந்தவர்கள் அந்தத் தலைவர்களின் கூட்டத்துக்கு வந்து நின்ற எளிய மக்கள்.

முதலில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கறுப்பின எழுத்தாளர் மார்ட்டின் டெலனி 1852-இல் எழுதிய நூலில், அமெரிக்காவில் கறுப்பர்களுக்கு எதிர்காலம் இல்லை, வேறு மண்ணுக்குப் போய்விடுவதே வழி என்றார். அதே டெலனி உள்நாட்டுப் போரின்போது அமெரிக்கப் படையில் மேஜர் பதவி ஏற்றார். வெளியேறு என்றவரும் படையில் சேர்ந்து போரிடு என்றவரும் ஒரே மனிதர். இந்த ஊசலாட்டம் பின்னால் வந்த எல்லோரிடமும் தொடர்கிறது. ஆப்பிரிக்காவுக்குத் திரும்புவது, தனி நிலப்பரப்பு கேட்பது, சொந்த வணிகம் வளர்ப்பது, தங்கள் பகுதியின் பள்ளியையும் காவல் துறையையும் தாங்களே நிர்வகிப்பது, தங்கள் பண்பாட்டில் பெருமை கொள்வது என இத்தனையும் ஒரே பெயரின் கீழ் வருகின்றன. அரசியல் அறிஞர்கள் ராபர்ட் பிரவுனும் டாட் ஷாவும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் இவற்றை இரண்டாகப் பிரித்தார்கள்: சமூகம் தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ள விரும்பும் தேசியம், பிரிந்து போக விரும்பும் தேசியம். முதலாவதற்குக் கறுப்பின மக்களிடையே பரந்த ஆதரவு உண்டு. இரண்டாவதற்கு மிகக் குறைவு. மேடைகளிலும் செய்திகளிலும் பெரும்பாலும் அடிபடுவதோ இரண்டாவதுதான்.

மார்க்கஸ் கார்வியின் கதை இதை நன்றாகக் காட்டுகிறது. 1887-இல் ஜமைக்காவில் பிறந்த அவர் 1914-இல் உலக நீக்ரோ முன்னேற்றச் சங்கத்தைத் தொடங்கி, 1916-இல் நியூயார்க் வந்தார். நான்கே ஆண்டுகளில் ஹார்லெம் அவரது தலைநகரமானது. ‘நீக்ரோ வேர்ல்ட்’ இதழ் கடல் கடந்தும் போனது. சில காலனி அரசுகள் அதைத் தடை செய்தன. 1920-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மாநாடு கூடியது. சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்களில் ஒரு கொடி பிறந்தது. கிளைகள் பெருநகரங்களில் மட்டும் இருக்கவில்லை. தெற்கு மாநிலங்களின் பருத்திக்காட்டுக் கிராமங்களில் வாரத்துக்குப் பயிரிட்ட குடியானவர்களும் கிளை அமைத்தார்கள்.

அவர்களைக் கவர்ந்தது கப்பல். பிளாக் ஸ்டார் லைன் என்ற கப்பல் நிறுவனத்தின் ஒரு பங்கு 5 டாலர். சலவைத் தொழிலாளிகளும் வீட்டு வேலை செய்த பெண்களும் சேமிப்பைப் போட்டு வாங்கினார்கள். முதலில் வாங்கிய யார்மத் கப்பல் முப்பது வயது கடந்த பழங்கப்பல். அதற்கு 1,65,000 டாலர் விலை கொடுத்தார்கள். விலை அதிகம், நிர்வாகம் மோசம், நிறுவனம் மூழ்கியது. இந்தத் தோல்விக்குக் கார்வியின் பொறுப்பு பெரிது. ஆனால் அரசு காத்திருந்தது வேறொன்றுக்காக. 1919-இலேயே இளம் அதிகாரி ஜே. எட்கர் ஹூவர், கார்வியை நாடு கடத்த ஏதாவது வழக்குக் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சங்கத்துக்குள் உளவு பார்க்கவே புலனாய்வுத் துறை தன் முதல் கறுப்பின முகவரை வேலைக்குச் சேர்த்தது. 1923-இல் தபால் வழி மோசடிக் குற்றத்துக்கு ஐந்தாண்டுச் சிறை கிடைத்தது. தீர்ப்புக்கு அடிப்படையான முக்கியச் சான்று ஒரு காலி உறை.

கார்வியை வீழ்த்தியது அரசு மட்டுமல்ல. 1923 சனவரியில் எட்டுக் கறுப்பினப் பிரமுகர்கள் அரசின் தலைமை வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதி, அவர்மீதான வழக்கை விரைவுபடுத்தக் கேட்டார்கள். அவர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. முந்தைய ஆண்டு கார்வி அட்லாண்டா சென்று கூ கிளக்ஸ் கிளானின் தலைவர் ஒருவரைச் சந்தித்துப் பேசியிருந்தார். கறுப்பரை மரத்தில் தூக்கிலிட்ட கூட்டத்தோடு இனத்தூய்மை பற்றி உரையாடுவதை எப்படிப் பொறுப்பது? கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் தன் இதழில் கார்வியைக் கடுமையாகச் சாடினார். அதே டுபாய்ஸ் 1934-இல், கறுப்பர்கள் தங்களுக்கான பொருளாதார அமைப்புகளைத் தனியாகக் கட்ட வேண்டும் என்று வாதாடி, தான் உருவாக்க உதவிய கறுப்பர் உரிமைச் சங்கத்திலிருந்தே விலகினார். கடைசியில் ஆப்பிரிக்க மண்ணில், அக்ராவில், 1963-இல் இறந்தார். எதிர்த்தவரையும் தன் கேள்விகளுக்குள் இழுத்துக்கொள்ளும் வலிமை இந்தப் போக்குக்கு இருந்தது.

கிளான் சந்திப்பு தனி நிகழ்வும் அல்ல. 1930-களில் சிகாகோவில் மிட்டி மாட் லீனா கார்டன் என்ற பெண்மணி நடத்திய இயக்கம், லைபீரியாவுக்குப் போக அரசு உதவி கேட்டு ஏழைக் கறுப்பர்களிடம் பெருந்திரளான கையெழுத்துகளைத் திரட்டியது. அந்தக் கோரிக்கையை 1939-இல் செனட்டில் மசோதாவாகக் கொண்டுவந்தவர் மிசிசிப்பியின் தியோடர் பில்போ, வெளிப்படையான வெள்ளை ஆதிக்கவாதி. 1961-இல் அமெரிக்க நாஜிக் கட்சித் தலைவர் ஜார்ஜ் லிங்கன் ராக்வெல், நேஷன் ஆஃப் இஸ்லாம் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்தார். பிரிவினையை இரு தரப்பும் விரும்பின என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். அந்தச் சமன்பாட்டை நான் ஏற்கவில்லை. ஒருவர் அவமானத்திலிருந்து தப்பிக்க வெளியேற நினைக்கிறார். மற்றவர் அவமானப்படுத்தும் உரிமையைக் காத்துக்கொள்ள வெளியேற்ற நினைக்கிறார். ஆனால் தப்பிக்க நினைத்தவர்களின் தலைமை, விரட்டுபவன் கையைப் பிடித்தபோது தன் மக்களைக் காட்டிக்கொடுத்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

மால்கம் எக்ஸ் இந்த மரபின் நேரடி வாரிசு. அப்பா எர்ல் லிட்டில், அம்மா லூயிஸ் இருவரும் கார்வி இயக்கத்தினர். 1959-இல், அவர் பேச்சாளராக இருந்த நேஷன் ஆஃப் இஸ்லாம் பற்றிய தொலைக்காட்சிப் படம் ஒன்று வெளியானபோது வெள்ளை அமெரிக்கா முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்து அஞ்சியது. அந்த அச்சமே அவரைப் பற்றிய நிரந்தரப் பிம்பமானது. மார்ட்டின் லூதர் கிங் அதைப் பயன்படுத்தவும் செய்தார். 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், எங்கள் அகிம்சையை ஏற்காவிட்டால் இலட்சக்கணக்கானோர் கறுப்பினத் தேசியத்திடம் தஞ்சம் புகுவார்கள் என்று வெள்ளை மதகுருக்களை எச்சரித்தார். இதை மால்கமும் புரிந்து வைத்திருந்தார். 1965 பிப்ரவரியில் செல்மாவில் கொரெட்டா கிங்கைச் சந்தித்தபோது, மாற்று வழி எது என்று வெள்ளையர் உணர்ந்தால் உங்கள் கணவர் பேச்சைக் கேட்பார்கள் என்ற பொருளில் சொன்னார். அதே மாதம் 21-ஆம் தேதி மால்கம் கொல்லப்பட்டார்.

மால்கம் 1964 ஏப்ரலில் கிளீவ்லாண்டில் ஆற்றிய உரையை வாக்குச்சீட்டா, தோட்டாவா என்ற தலைப்பை வைத்தே பலர் நினைவுகூர்கிறார்கள். அதில் பெரும்பகுதி தேர்தல் கணக்கு. வெள்ளையர் வாக்கு இரண்டாகப் பிரியும்போது கறுப்பர் வாக்கே வெற்றியைத் தீர்மானிக்கிறது. அப்படி வென்ற கட்சி பதிலுக்கு என்ன தந்தது என்று கேட்கிறார். தன் பகுதியின் அரசியல்வாதியைத் தன் பகுதி மக்களே கட்டுப்படுத்த வேண்டும் என்பதே அவர் தந்த விளக்கம். எந்த நகராட்சி வார்டிலும் எழக்கூடிய கோரிக்கை அது. அவர் இறந்தபோது பெரிய நாளிதழ்களின் தலையங்கங்கள் வெறுப்பை விதைத்தவன் வெறுப்பாலேயே மடிந்தான் என்ற தொனியில் எழுதின. 1999-இல் அதே நாட்டின் அஞ்சல் துறை அவர் உருவம் பதித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. கொலை வழக்கில் பல்லாண்டு சிறையிலிருந்த இருவர் குற்றமற்றவர்கள் என்று நியூயார்க் நீதிமன்றம் சொன்னது 2021-இல். அவர்களுக்குச் சாதகமான சான்றுகளை எஃப்.பி.ஐ.யும் நகரக் காவல் துறையும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மறைத்து வைத்திருந்தன.

இனிச் சிறுத்தைக்கு வருகிறேன். அலபாமாவின் லௌண்ட்ஸ் மாவட்டத்தில் அப்போது நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பர்கள். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பின்பு பெயர் பதிந்தவர்களை நிலக்காரர்கள் குடிசையிலிருந்து வெளியேற்றினார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் நெடுஞ்சாலையோரம் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். இளம் உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலும் தோழர்களும் உள்ளூர் தலைவர் ஜான் ஹியூலெட்டுடன் சேர்ந்து அங்கே தனிக் கட்சி கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்களுக்காக, அலபாமாவில் ஒவ்வொரு கட்சிக்கும் வாக்குச்சீட்டில் சின்னம் தேவைப்பட்டது. அந்த மாநில ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதோடு வெள்ளை ஆதிக்கம் என்ற முழக்கமும் அச்சாகியிருந்தது. லௌண்ட்ஸ் மக்கள் அந்தச் சேவலுக்கு எதிராகப் பாய்ச்சலுக்குத் தயாரான கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். சின்னம் என்றால் என்ன என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. பெயரை வாசிக்க முடியாத கையும் தன் பக்கத்தை அடையாளம் காணட்டும் என்பதற்காகப் பிறந்த அரசியல் மொழி அது. 1966 நவம்பரில் அவர்களின் வேட்பாளர்கள் தோற்றார்கள். 1970-இல் ஹியூலெட் அந்த மாவட்டத்தின் ஷெரீஃப் ஆனார்.

அந்தச் சிறுத்தை அலபாமாவோடு நிற்கவில்லை. 1966 அக்டோபரில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் தொடங்கிய கட்சி அதை ஏற்றது. 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் அந்தப் பெயரை எடுத்தார்கள். மதுரையில் மலைச்சாமி தலைமையில் இயங்கிய தலித் பேந்தர்ஸ், அவருக்குப் பின் தொல். திருமாவளவன் காலத்தில் விடுதலைச் சிறுத்தைகளாயிற்று. அலபாமாவின் பருத்திக்காட்டு வாக்குச்சீட்டிலிருந்து தமிழ்நாட்டுச் சேரிச் சுவர் வரை வந்த அந்தப் பயணத்தை நினைக்கும்போது, கறுப்பினத் தேசியத்தை வெறும் வன்முறைப் பேச்சாகச் சுருக்குபவர்கள் எதைத் தவறவிடுகிறார்கள் என்பது தெளிவாகிறது.

ஓக்லாந்துச் சிறுத்தைகளை அமெரிக்கா பார்த்த விதம் துப்பாக்கியில் தொடங்கியது. 1967 மே மாதம் அவர்கள் ஆயுதங்களோடு சாக்ரமெண்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். அதையடுத்து, பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்டார். துப்பாக்கி உரிமையின் காவலராகப் பின்னாளில் அறியப்பட்டவர் அவர். 1969 சனவரியில் ஓக்லாந்தின் ஒரு தேவாலயத்தில் சிறுத்தைகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். சில மாதங்களிலேயே அது பல நகரங்களுக்குப் பரவியது. எஃப்.பி.ஐ.யின் தலைவராகியிருந்த ஹூவருக்கு அந்த உணவுத் தட்டும் ஆபத்தாகவே தெரிந்தது. அதையும் குலைக்க உத்தரவு போனது.

ஹூவரின் இரகசியத் திட்டத்தின் 1967 ஆகஸ்ட் குறிப்பு கறுப்பினத் தேசிய வெறுப்புக் குழுக்கள் என்ற தலைப்பில் சில அமைப்புகளைக் குலைக்கச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் கிங் தலைமை வகித்த தெற்கத்திய கிறித்தவத் தலைமை மாநாடும் இருந்தது. தேசியவாதத்தைக் காட்டி வெள்ளையரை எச்சரித்த அகிம்சைவாதியும் அதே பெயரின் கீழ் அடைபட்டார். யார் எதை நம்பினார்கள் என்பது அங்கே பொருட்டே இல்லை. 1968 மார்ச் 4-ஆம் தேதிக் குறிப்பு, கறுப்பரை ஒன்றிணைக்கும் மீட்பர் ஒருவர் எழாமல் தடுக்க வேண்டும் என்றது. சரியாக ஒரு மாதத்தில் கிங் கொல்லப்பட்டார். 1969 டிசம்பர் 4 விடியற்காலையில் சிகாகோவில் இல்லினாய் சிறுத்தைகளின் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டன் படுக்கையிலேயே காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 21. வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தவர் எஃப்.பி.ஐ.யின் உளவாளி. 1982-இல் அரசுத் தரப்புகள் 18.5 இலட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தன.

அந்த இல்லினாய் கிளையைத் தொடங்கியவர்களில் ஒருவர் பாபி ரஷ். 1992-இல் அவர் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்வாகி முப்பது ஆண்டுகள் இருந்தார். 2000-இல் கட்சி உள்தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற இளம் மாநில செனட்டரை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தார். அந்த இளைஞர் ஒபாமா. சிகாகோவின் தெற்குப் பகுதி வாக்காளர்களுக்கு முன்னாள் சிறுத்தை அந்நியராகத் தெரியவில்லை. தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்களுக்கே அப்படித் தெரிந்திருக்கும்.

வலதுசாரிகளின் பார்வை வெறும் பகையென்று நினைத்தால் அது பாதிதான். 1968-இல் ரிச்சர்ட் நிக்சன் கறுப்பின முதலாளித்துவம் என்ற முழக்கத்தை எடுத்தார். சொந்தக் கடை, சொந்தத் தொழில் என்ற தேசியவாதக் குரலில் தன் கட்சியின் மொழியைக் கேட்டார். கறுப்பினத் தலைவர் ஃபிலாய்ட் மெக்கிசிக் அவரை ஆதரித்து, வட கரோலினாவில் சோல் சிட்டி என்ற புதிய நகரம் கட்ட அரசின் உதவியைப் பெற்றார். பத்தாண்டு தாண்டாமல் அது முடங்கியது. உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் கல்லூரி நாள்களில் மால்கம் எக்ஸின் தீவிர வாசகர். கறுப்பர் மிகுந்த பள்ளி என்றாலே தாழ்ந்தது என்று நீதிமன்றங்கள் ஏன் எண்ணுகின்றன என்று அவர் 1995-இல் ஒரு தீர்ப்பில் கேட்டார். அரசியல் ஆய்வாளர் கோரி ராபின் 2019-இல் எழுதிய நூல், தாமஸின் பழமைவாதத்துக்குள் ஒரு கறுப்பினத் தேசியம் ஓடுவதாக வாதிடுகிறது. அந்த வாதத்தை முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. சுயமரியாதையை அவர் எடுத்துக்கொண்டார். அதோடு வந்த கூட்டுப் பொறுப்பை விட்டுவிட்டார். ஆனாலும் இந்தப் போக்கை இடதுசாரி என்று ஒரே பெட்டியில் அடைக்க முடியாது என்பதை ராபின் உறுதியாகக் காட்டுகிறார்.

1972 மார்ச்சில் இந்தியானாவின் கேரி நகரில் கூடிய தேசியக் கறுப்பின அரசியல் மாநாடு, தேசியவாதிகளும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த அரிய தருணம். கவிஞர் அமீரி பராக்கா, மேயர் ரிச்சர்ட் ஹாட்சர், கீழவை உறுப்பினர் சார்லஸ் டிக்ஸ் மூவரும் தலைமை வகித்தார்கள். அந்த ஆண்டு அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஷெர்லி சிஷம் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு அந்த மாநாடு ஆதரவு தரவில்லை. எல்லாக் கறுப்பருக்கும் விடுதலை என்று பேசிய மேடைகள் பெண்களுக்கு எங்கே இடம் வைத்தன என்ற கேள்விக்கு இந்த மரபு இன்னும் முழுப் பதில் தரவில்லை.

அதே குறை 1995 அக்டோபர் 16-இலும் தெரிந்தது. ஃபராக்கான் அழைத்த பத்து இலட்சம் ஆண்கள் பேரணிக்குப் பெண்கள் வீட்டிலிருந்து ஆதரவளிக்கக் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். பூங்காத் துறை 4 இலட்சம் பேர் என்றது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 இலட்சத்துக்கும் மேல் என்றார்கள். வந்தவர்களில் ஒபாமாவும் ஒருவர். அன்று டெக்சஸில் பேசிய அதிபர் கிளின்டன், பொறுப்பேற்க வந்த ஆண்களைப் பாராட்டி, ஒருவரின் பகைப் பேச்சை மட்டும் விலக்கினார். மக்களையும் தலைவரையும் பிரித்துப் பார்த்த அந்த அணுகுமுறை சரியென்றே படுகிறது. ஆனால் அந்த ஆண்கள் வேலையும் பாதுகாப்பும் தேடி ஏன் ஃபராக்கானிடம் வந்தார்கள் என்ற கேள்வியை அவரும் கேட்கவில்லை. முந்தைய ஆண்டு செனட் 97-0 என்ற வாக்கில் ஃபராக்கானின் உதவியாளர் ஒருவரின் வெறுப்புப் பேச்சைக் கண்டித்தது. கண்டனம் நியாயமானது. தாங்கள் பிரதிநிதித்துவப்படுத்தும் நகரங்களின் வறுமை குறித்து அந்த அவை அதே ஒருமனதோடு எழுந்ததில்லை.

மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்துக்கு 2013-இல் மேயரானவர் சோக்வே லுமும்பா. 1968-இல் தெற்கின் ஐந்து மாநிலங்களைத் தனிநாடாகக் கேட்ட நியூ ஆப்ரிக்கா குடியரசு என்ற அமைப்பில் பொறுப்பு வகித்தவர். மேயரானதும் அவர் வாக்காளர்களிடம் கேட்டது சாலைக்கும் குழாய்க்கும் செலவிட 1 சதவீத விற்பனை வரி. மக்கள் பெருவாரியாக ஒப்புதல் அளித்தார்கள். அடுத்த மாதமே அவர் இறந்துபோனார். தனிநாடு கேட்டவர் கடைசியில் தண்ணீர்க் குழாய்க்கு நின்றதில் எனக்கு எந்தச் சறுக்கலும் தெரியவில்லை. தன் பகுதியைத் தானே நிர்வகிப்பது என்ற கோரிக்கையின் உள்ளடக்கமே அதுதான். கார்வி இயக்கத்திலிருந்து வந்த ஆட்லி மூர் அடிமைத்தனத்துக்கு இழப்பீடு கேட்டுப் பல பத்தாண்டுகள் அலைந்தார். ஓரத்துக் குரலென்று ஒதுக்கப்பட்ட அந்தக் கோரிக்கையை ஆராயும் மசோதாவை 1989-இல் ஜான் கானியர்ஸ் கீழவையில் வைத்தார். 2021-இல் இல்லினாயின் எவன்ஸ்டன் நகரம் வீட்டுக்கான இழப்பீட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய பார்வை போகவில்லை. 2017 ஆகஸ்ட் தொடக்கத்தில் எஃப்.பி.ஐ. ஓர் அறிக்கையில் கறுப்பின அடையாளத் தீவிரவாதிகள் என்ற புதிய வகையை உருவாக்கியது. அதே மாதம் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவாதிகள் தீப்பந்தத்தோடு ஊர்வலம் போனார்கள். கடும் எதிர்ப்புக்குப் பின் 2019-இல் எஃப்.பி.ஐ. அந்தப் பெயரைக் கைவிட்டதாக அறிவித்தது.

கார்வியின் தண்டனையை 1927-இல் அதிபர் கூலிட்ஜ் குறைத்தார்; உடனே அவர் நாடு கடத்தப்பட்டார். 1940-இல் லண்டனில் இறந்தார். ஜமைக்கா அவரைத் தன் முதல் தேசிய வீரராக அறிவித்தது. அமெரிக்காவில் அவர் பெயருக்கு நேரே குற்றவாளி என்ற சொல் அப்படியே இருந்தது. மகன் ஜூலியஸ் கார்வி, மருத்துவர், அதை நீக்கக் கோரிப் பல ஆண்டுகள் மனு கொடுத்துக்கொண்டிருந்தார். 2025 சனவரி 19 அன்று, பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய நாள், ஜோ பைடன் மன்னிப்பு ஆணையில் கையெழுத்திட்டார். மன்னிப்பு, குற்றம் செய்தவருக்குக் கொடுப்பது. அப்பா குற்றமே செய்யவில்லை என்று சொல்லும்படிதான் மகன் கேட்டுக்கொண்டிருந்தார்.